விடைக்குறிப்புக்குள் அடங்காத பூதம்

இலஞ்சியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு மாயக்கதை நாவல் எதற்கு என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். நான் அசடு வழிந்த ஒரு நாளைத்தான் அதற்குப் பதிலாகச் சொல்ல முடியும்.

1. எச்.எம். போட்ட நிபந்தனை

மலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வந்து ஊருக்குள் நின்று அலறும். அது வரும்போதெல்லாம் மறுநாள் ஊருக்குள் வெள்ளம் புகும். அந்தப் பூதத்தைத் தேடி ஒரு சிறுமி மலையேறுவாள். இதுதான் நாவல். எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். மாதத் தேர்விலும் அதைச் சேர்க்க வேண்டும் என்று எச்.எம்.மிடம் அடம்பிடித்தேன்.

“பூதமெல்லாம் பப்ளிக்ல வருமா டீச்சர்? சரி, நடத்துங்க. ஒரு பிள்ள பெயிலானாலும் நிறுத்திருவேன்” என்றார்.

பயந்துவிட்டேன். கடையில் அந்தப் புத்தகத்துக்கு நோட்ஸ் கிடையாது. நானே கேள்வி பதில் எழுதி டிக்டேட் செய்தேன். பூதம் ஏன் வந்தது? ஊரை அழிக்க வந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

2. டி.சி. கேட்டு வந்த அம்மா

இசக்கி என்ற பிள்ளை மட்டும் பெயில். ‘பூதம் அழிக்க வரவில்லை, சொல்ல வந்தது’ என்று எழுதியிருந்தாள். மேற்கொண்டு படிக்காமல் விடை முழுவதையும் சிவப்பு மையில் அடித்துவிட்டேன்; அந்த மதிப்பெண் போனதில்தான் பெயில்.

மறுவாரம் அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு எச்.எம். அறைக்கு வந்து நின்றார். ஐந்தருவியில், குளிக்க வருகிறவர்களை நம்பிப் பழக்கடை வைத்திருப்பவர். என்னையும் கூப்பிட்டார்கள்.

“தமிழ்லயே பெயிலுன்னா இவ படிச்சு என்னத்துக்கு? டி.சி. குடுத்துருங்க சார். சீசன் வேற ஆரம்பிச்சிட்டு, கடைக்கு ஆளில்ல.”

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “டீச்சர், புக்குல அப்படி இல்ல.”

“ஏட்டி, நான் எத்தன வருசமா பாடம் நடத்துதேன்!” என்று சீறினேன்.

அவள் புத்தகத்தைப் பிரித்து மூன்று இடங்களைக் காட்டினாள். மூன்றிலும் ஆறு முதலில் கலங்குகிறது, சருகு மிதந்து வருகிறது. அதற்குப் பிறகுதான் பூதம் வருகிறது.

“அருவில தண்ணி கலங்கி சருகு வந்தா நாங்க கத்துவோம் டீச்சர், வெள்ளம் வரப்போவுது வெளிய வாங்கன்னு. குளிக்கவங்க எங்களத்தான் திட்டுவாங்க.”

புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி மூன்று இடங்களையும் மறுபடி படித்தேன். அந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன்!

“என்ன டீச்சர்?” என்றார் எச்.எம்.

“இவ எழுதுனதுதான் சரி சார். என் விடைதான் தப்பு” என்றேன். சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது. சொல்லி முடித்ததும் நிம்மதியாக இருந்தது.

அவள் அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாம கத்துனத எழுதினா மார்க்கு குடுப்பாங்களாட்டி?” என்றார். பிறகு எச்.எம்.மிடம், “டி.சி. வேண்டாம் சார். லீவு நாள்ல மட்டும் கடைக்கு வரட்டும்” என்றார்.

3. நான் கற்றுக்கொண்டது

மாயக்கதையில் வரும் ஊர் யாருக்கும் தெரியாத ஊர். அங்கே போவதற்கு ஆசிரியருக்கும் வழி தெரியாது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே அதை வகுப்பில் வைக்க வேண்டும், நோட்ஸ் இல்லாமல்.

எச்.எம். நாவலை நிறுத்தவில்லை. “எல்லாரும் பாஸ்தானே, இனி என்ன கவல?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற முப்பத்தாறு பேரும் என் தப்பை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.