ஓரமாக உட்காரும் அமெரிக்கர்

எழுபதுகளில் நான் கணிதம் படிப்பித்த மெல்பேர்ண் பள்ளிக்கூடத்தில் ஓர் அமெரிக்கர் ஆங்கில இலக்கியம் படிப்பித்தார். ஆறடிக்கு மேல் உயரம். ஆனால் எந்தக் கதிரையிலும் முழங்காலை ஒடுக்கி, பையை மடியில் வைத்து, ஓரமாகத்தான் உட்காருவார். அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம்.

வேலையும் வீடும் போய் உடைந்துபோகிற அமெரிக்கர்களின் நாவல்களையே அவர் வகுப்பில் விரும்பி நடத்துவார். எனக்கு அது பிடிக்கவில்லை. ரேடியோவில் நான் கேட்ட அமெரிக்கா வேறு.

ஒரு மழை நாள், கிளென் வேவர்லி ஸ்டேஷன் வாசலில் நனைந்துகொண்டு நின்றவரை என் புதுக் காரில் ஏற்றினேன். முன்னால் மனைவி இருந்ததால் அவர் பின்னால் ஏறினார். ரேடியோவில் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு: வீடு எதற்கு, கார் இருக்கிறது, வானம் இருக்கிறது என்று.

"உங்கள் நாவல்களில் ஒரே அழுகை. இதுவல்லவோ அமெரிக்கா!" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சத்தத்தைக் கூட்டினேன்.

"அப்பாவும் இப்படித்தான் பாடுவார்," என்றார். "வீடு பறிபோன பிறகு நாங்கள் ஐந்து பேரும் காரில்தான் படுத்தோம்."

"இஞ்சேருங்கோ, ரேடியோவை நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி மெதுவாக.

என் கை ரேடியோவுக்குப் போவதை அவர் கண்டுவிட்டார். "வேண்டாம், பாடட்டும். எங்களைத் தூங்கவைத்த பாட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீற்றில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. அவர் கதவோடு ஒட்டி, முழங்காலை ஒடுக்கி, பையை மடியில் வைத்திருந்தார், பக்கத்தில் இன்னும் நாலு பேர் படுக்கவேண்டும் என்பதுபோல.