குச்சியில் நிற்காத உருண்டை

என் ஓரகத்திக்குக் கை நடுங்காது. அவள்மேல் எனக்குள்ள முதல் கோபமே அதுதான். என் கணவரின் தம்பி மனைவி அவள். புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சாலை தள்ளிக் குடியிருக்கிறாள். ரவாங்கில் பார்த்துவந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. நான் செரண்டாவில் தொழிற்சாலைக்குப் போகிறவள். பள்ளி விட்டதும் என் மகள் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது நான் அழைத்துக்கொள்வேன். இந்த ஏற்பாட்டைச் செய்தவளும் நான்தான். நன்றியோடு இருக்க வேண்டியவள். கொஞ்ச நாள் இருந்தேன். அதற்குப் பிறகு வயிற்றெரிச்சல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வாசலில் நின்று ஹார்ன் அடித்தால் மகள் உடனே வர மாட்டாள். "ஃபைவ் மினிட்ஸ் மா!" என்று குரல் மட்டும் வரும். கூடவே சிரிப்பு. சித்தியும் மகளும் ஆங்கிலத்தில் பேசிச் சிரிப்பார்கள். நான் கலும்பாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆங்கிலம் எனக்குப் புரியும், ஆனால் சிரிக்க வேண்டிய இடம் எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். ஹெல்மெட்டை மாட்டிவிடக் குனிந்தால் பிள்ளையின் தலைமுடியில் வெண்ணிலா வாசம். காலையில் நான் தேய்த்துவிட்ட எண்ணெய் எங்கே போனதென்றே தெரியாது.

தீபாவளி விடுமுறையில் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் விருந்து வைப்பது வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகாரம். தட்டைப் பெரியவர்கள் தூக்கி வரக் கூடாது, அந்தந்த வீட்டுப் பிள்ளைதான் சுமந்து வந்து மேசையில் வைக்க வேண்டும். பெண்கள் சூழ்ந்துகொண்டு, "யாரு செஞ்சது?" என்று பிள்ளையிடம்தான் கேட்பார்கள். யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளை வாயால் கேட்பதில் ஒரு சந்தோஷம். என் மகள் நடை பழகிய நாளிலிருந்து என் நெய்யுருண்டைத் தட்டைச் சுமந்து வந்து, "எங்க அம்மா!" என்று மண்டபமே அதிரக் கத்துவாள். எனக்கு அதுதான் தீபாவளி.

இந்த வருஷம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, நெய்யுருண்டை வேணாம் மா. சித்தி கேக் பாப் செய்றாங்க. நான்தான் தூக்கிட்டு வருவேன்னு சொல்லிட்டேன்."

"அப்போ என் தட்டை யாரு தூக்குறது?"

"அப்பா தூக்கட்டும் லா."

அப்பாவுக்குப் புரை ஏறியது. கேக் பாப் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கேக்கை உதிர்த்து, உருண்டை பிடித்து, குச்சியில் குத்தி, சாக்லெட்டில் முக்கி, மேலே பூவும் பொட்டும் வைப்பது. உருண்டை பிடிப்பதில் இந்தத் தாமானில் என்னை மிஞ்ச ஆளிருக்கிறதா?

"நானே செய்றேன். சித்தியை வேணாம்னு சொல்லிடு."

"உங்களுக்குத் தெரியாதே மா."

"உருண்டைதானே! பாரு."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமும் இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது. அந்த ஆசையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

விருந்து சனிக்கிழமை மாலை. லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே ஆரம்பித்தேன். கேக்கை உதிர்த்தேன். நெய்யுருண்டைக்கு என்ன விதி? சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும், ஆறினால் மாவு சேராது. கை சிவக்க வேண்டும். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. எனவே நெய்யைக் காய்ச்சி உதிரிக் கேக்கில் ஊற்றி, கொதிக்கக் கொதிக்க உருட்டினேன். மகள் பக்கத்தில் நின்றாள்.

"சித்தி ஐஸ்பெட்டியில வைப்பாங்க மா."

"உங்க சித்தி என்னைக்கு நெய்யுருண்டை பிடிச்சா?"

உருண்டைகள் பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. குச்சி குத்துவதற்காக வாழைத்தண்டைத் துண்டு போட்டு, அடியைச் சமமாக வெட்டி நிறுத்தி வைத்திருந்தேன். அது என் சொந்த யோசனை. கடையில் விற்கும் வெள்ளை நுரைப் பலகையைவிட நூறு மடங்கு லட்சணம். மயில் நிறம் வேண்டுமென்று மகள் கேட்டிருந்தாள். நீலச் சாக்லெட்டை உருக்கி முதல் உருண்டையை முக்கித் தூக்கினேன். குச்சி வந்தது, உருண்டை வரவில்லை. அடுத்தது மேலே வந்தது, வந்து ஒரு கணம் நின்றது, பிறகு குச்சியோடு மெதுவாகக் கீழே இறங்கியது. சாக்லெட்டில் கோளாறு என்றேன். குச்சி மட்டமானது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிண்ணத்தில் எல்லாம் விழுந்து கரைந்து நீலக் கூழ் ஆனது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை, அதுவும் நிஜமான சூடு.

கணவர் வந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

"போயிடுங்க இங்கேர்ந்து!"

திரும்பினால் மகள் போனைக் காதில் வைத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓரகத்தி வந்தாள். கையில் மூடி போட்ட டப்பா. திறந்தால் உள்ளே சில்லென்று, ஒரே அளவில், குச்சி குத்தித் தயாராக இருந்தன உருண்டைகள்.

"நான்தான் வேணாம்னு சொல்லச் சொன்னேனே?"

"அவ சொன்னா அக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு செஞ்சு வெச்சேன்."

எதுக்கும் இருக்கட்டும்! நான் தோற்பேன் என்று முன்னமே தெரிந்து ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறாள். குத்திக் காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளோ என் நீலக் கூழைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், "வாழைத்தண்டு யோசனை சூப்பர் அக்கா" என்றாள். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்.

என் அடுப்படியில், என் மேசையில், அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் உருண்டையை முக்கி, மணிக்கட்டை லேசாகத் தட்டுவாள். மிச்சச் சாக்லெட் சொட்டிவிடும். வாங்கி மகள் வெள்ளைப் புள்ளி வைப்பாள், மயில் கண் வைப்பாள். அவள் கை நீளும்போது இவள் கை காத்திருக்கும். "இந்தா" என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் பாத்திரம் கழுவினேன். என் வீட்டில் எனக்குக் கிடைத்த வேலை அது. நீலம் லேசில் போகிறதா? தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மண்டபத்துக்கு மகள் தட்டைச் சுமந்து முன்னே போனாள். வாழைத்தண்டில் நீல மயில்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாசல் தூணருகே நின்றுவிட்டேன். ஓரகத்தி எனக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வரப்போகும் பதில் எனக்குத் தெரியும். அதைக் கேட்காமல் இருக்க முடிந்தால் காதைக் கழற்றி வைத்திருப்பேன்.

"அடியே, யாரு செஞ்சது இது?"

மகள் கூட்டத்துக்குள்ளிருந்து எட்டி என்னைப் பார்த்தாள்.

"எங்க அம்மா!"

"எங்க அக்காதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், அதே நொடியில்.

பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நெய்யுருண்டை பிடிக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார்கள். நான் சிரித்துவைத்தேன். கூட்டம் கலைந்ததும் மகளை மூலைக்கு இழுத்தேன்.

"அப்படிச் சொல்லுன்னு சித்தி சொல்லிக்கொடுத்தாளா?"

"இல்லையே மா." அவள் முகத்தில் பொய் இல்லை.

"பின்னே ஏன் சொன்னே?"

"நீங்க பாவமா நின்னீங்க."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். இருவரும் கூடிப் பேசி எனக்குப் பிச்சை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், மறுநாளே வேறு இடம் பார்த்துப் பிள்ளையை விட்டிருப்பேன். பேசவே இல்லை. ஒருத்தி எனக்கு முன்னால், ஒருத்தி பின்னால். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட முடியாது. நடுவில் நான் நின்றிருந்தேன். ஒரே பொய்யை ஒரே மூச்சில் சொன்னார்கள். பெற்றவள் நான். என்னோடு அவள் அப்படி ஒரு வார்த்தை ஒன்றாகச் சொன்னதில்லை.

மண்டபத்தின் அந்தப் பக்கம் ஓரகத்தி குனிந்து, என் மகள் கன்னத்தில் ஒட்டியிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ என் கையில் ஒரு மயிலைத் திணித்துவிட்டுப் போனார்கள். கடித்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.