வெள்ளைக்காரக் கண்ணன்

என் கணவரிடம் ஒரு பெட்டிக் கமெரா இருந்தது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். "நீர் தொடாதையும், பழுதாப்போம்" என்பார். கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் அதைத் தூரத்தில் நின்றுதான் பார்த்திருந்தேன்.

நான் படம் கீறுகிறவள். யசோதையின் மடியில் நீலக் கண்ணன், அவளுக்குச் சிவப்புச் சேலை, பின்னால் வாழைமரமும் ஒரு தூணும். எண்ணெய் வர்ணத்தில் மூன்று மாதம் கீறினேன். கொழும்பில் ஒரு சித்திரக் கண்காட்சி வந்தது. முதலில் படத்தின் போட்டோ கொடுக்க வேண்டும், அந்த நாளில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அதைப் பார்த்துத்தான் படத்தைக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாலு பேர் பார்க்கிற சுவரில் என் படம் தொங்க வேண்டும் என்று எனக்குப் பேராசை. கோயிலிலும் அதைத்தான் கேட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஞாயிறு காலை இவர் முற்றத்து நிழலில் கதிரைமேல் படத்தை நிறுத்தினார். வெயில் பட்டால் எண்ணெய் மினுங்குமாம். நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தார். எட்டடிக்குக் கிட்டப் போனால் மங்கும் என்று அங்கே செங்கல் அடுக்கிக் கமெராவை வைத்தார். தன் வெள்ளை வேட்டி படத்தில் தெறிக்காமலிருக்க என் கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டார். தாலி கட்டும்போதுகூட மனிதர் இவ்வளவு கவனமாக இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோவில் போட்டோவை வாங்கினோம். ஒரு கோடு சரியவில்லை, ஒரு மினுக்கம் இல்லை. ஆனால் கண்ணன் வெள்ளைக்காரப் பிள்ளையாகியிருந்தான். யசோதை கறுப்புச் சேலையும் கறுத்த உதடுமாக, தேசாதிபதி வீட்டுப் பிள்ளையை வளர்க்கும் ஆயா போலிருந்தாள்.

"தம்பி, இந்த பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது, கறுப்பாக்கிப்போடும். நீலத்தை வெளுக்கப்பண்ணிப்போடும்" என்றார் ஸ்ரூடியோக்காரர். "எல்லா நிறமும் தெரியிற பிலிம் கப்பல்லதான் வரவேணும்."

பஸ்ஸில் நான் அழுதேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் போட்டோவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கோபத்தோடு முறைத்துப் பார்த்தேன். பச்சை வாழைமரம் சாம்பல் நிறத்தில் சரியாக விழுந்திருந்தது. மண்ணிறத் தூண் நல்ல கருமையாக வந்திருந்தது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

புதன்கிழமை முழுவதும் அதே அளவுக் கடதாசியில் படத்தை மறுபடி கீறினேன். எண்ணெய் காயாதென்று நீர்வர்ணத்தில். கண்ணனுக்கு மண்ணிறம். யசோதைக்குப் பச்சைச் சேலை, பச்சை உதடு.

இவர் பதறிப்போனார். "இது கள்ள வேலையெல்லே?"

"வெள்ளைக் கண்ணன் மட்டும் உண்மையோ? பேசாமல் எடுங்கோ."

எடுத்தார். வியாழன் மாலையே ஸ்ரூடியோக்காரர் சிரித்துச் சிரித்துக் கழுவித் தந்தார். கண்ணன் கருமையாக, யசோதை பதமான சாம்பல் சேலையில், நான் மனதில் கண்டபடியே இருந்தார்கள். வெள்ளி காலை கொண்டுபோய்க் கொடுத்தோம்.

படத்தைக் கேட்டு அனுப்பினார்கள். எண்ணெய்ப் படத்தைத்தான் கொடுத்தோம். திறப்பு விழாவன்று அது சுவரில் தொங்கியது. கண்காட்சிக் குழுவில் ஒரு பெரியவர் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வந்த போட்டோக்களில இதுதான் திறம். அச்சொட்டா இருக்கு. ஆர் எடுத்தது?"

இவர் நெஞ்சை நிமிர்த்துவார் என்று பார்த்தேன். என்னைக் காட்டினார்.

"எடுத்தது இவ. நான் விசையைத் தட்டினது மட்டும்தான்."

வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்பை எடுத்து என் வர்ணப் பெட்டிக்குள் வைத்தார்.