மூன்றுக்கு வரட்டும்

தாராவியில் அந்தச் சந்துக்காரர்களுக்கு டென்சிலின் பெயரைவிட அவருடைய எண்தான் நன்றாகத் தெரியும். காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும்போதே எவனாவது ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரேட் எவ்ளோ?"

கேட்கிறவனுக்கு அது கிண்டல். டென்சிலுக்கு அது கிண்டலென்று உறைக்காது. கைபேசியைத் திறந்து, புள்ளி பிசகாமல், "பதினெட்டு புள்ளி ஒண்ணு ரெண்டு" என்பார். நைஜீரியாவின் காசான நைராவில் எத்தனை கொடுத்தால் நம்முடைய ஒரு ரூபாய் கிடைக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு.

லேகோஸில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் மோல்டிங் மெஷின் பார்த்தவர் அவர். பாதிச் சம்பளம் இங்கே மனைவி ஜெயசீலியின் கைக்கு ரூபாயாக வரும். மீதிப் பாதியை அங்கேயே நைராவாகக் கொடுத்தார்கள். ரொட்டியையும் மீன் குழம்பையும் வைத்தே ஒப்பேற்றி, மனிதர் அறுபது லட்சம் நைரா சேர்த்துவிட்டார். அப்போது மூன்று நைராவுக்கு ஒரு ரூபாய். ஆக இருபது லட்சம் ரூபாய். சுனாபட்டியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். இருபது லட்சத்தை மொத்தமாக டெபாசிட் கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது போட்ட பணம் அப்படியே திரும்பி வரும். இரண்டாயிரத்துப் பதினாறு ஜூலை லீவுக்கு வரும்போது பணத்தை மாற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

ஜூன் மாதத்தில் ஒரே நாளில் நைரா சரிந்தது. மூன்று நாலைத் தாண்டிப் போயிற்று. இருபது லட்சம் பதினாலு லட்சமாக நின்றது. அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நின்று சேர்த்ததில் ஆறு லட்சத்தை ஒரு கையெழுத்தில் விட்டுவிட எவனுக்கு மனசு வரும்?

"மூணுக்கு வரட்டும்ட்டி, எடுத்துருவோம்" என்றார் போனில்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குள் வேலையும் போயிற்று. ஊர் திரும்பி, தாராவியிலேயே ஒரு பட்டறையில் மறுபடி மெஷின் முன்னால் நின்றார். தினமும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அன்றைய ரேட்டை எழுதி பிஸ்கட் டின்னில் போடுவார். கொரோனா முடிகிற சமயம் ஐந்தரை. இருபத்து மூன்றில் ஒன்பது. அடுத்த வருஷம் பதினெட்டு. டின் மூன்றாகிவிட்டது. அந்த மூன்று நைரா ரேட்டைத் தனக்கு வரவேண்டிய பாக்கியைப் போல நினைத்துவிட்டார். அப்படியொரு பாக்கி இருப்பது நைஜீரியாவுக்குத் தெரியாது, பாவம்.

குடியிருப்பது மாடி அறை. ஏற, இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி, பதிமூன்று படி. ஜெயசீலிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் செல்லப்பாண்டி ஒருநாள் ஏணியடியில் நின்று குரல் கொடுத்தார்.

"கீழ் ரூம் பையன் பைசான் காலி பண்ணுதான். மூணு லட்சம் டெபாசிட். மாசக் கடைசிக்குள்ள குடுத்தா உங்களுக்கு, இல்லைன்னா வேற ஆளு ரெடியா இருக்கு."

லேகோஸ் வங்கி அனுப்பிய படிவம் மாதக்கணக்காக டென்சிலின் கைபேசியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் அன்றைய ரேட்டுக்கு மாற்றி அனுப்பிவிடுவார்கள்.

"பதினெட்டுல எவனாவது எடுப்பானா?" என்றார் டென்சில்.

"சரிங்க" என்று ஜெயசீலி பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள். அவளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மகள் ஜெனிக்கு மாட்டுங்காவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று மாலை அம்மாவின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து அப்பா முன்னால் போட்டாள்.

"யூரின் இன்ஃபெக்ஷன், டாடி. மூணாவது தடவை. மம்மி மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல, மாலும் ஹை கியா, தெரியுமா?"

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா பாத்ரூம் போக எறங்கணும். எறங்கினா ஏறணும். அவ்ளோதான்."

டென்சில் மனைவியைப் பார்த்தார். "எவ்ளோ நாளா?"

"அஞ்சு வருஷம் இருக்கும்" என்றாள் ஜெயசீலி, பீன்ஸிலிருந்து தலையை எடுக்காமல்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வருஷமாக ரேட்டைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை சரிபார்த்து எழுதியிருக்கிறார். அதே ஐந்து வருஷமும் அவள் எதிரே உட்கார்ந்து, டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை அவர் பக்கம் தள்ளியிருக்கிறாள். இவர் அதைப் பிரியம் என்று நினைத்துக் குடித்திருக்கிறார்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். பிடித்தம் போக மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம் வந்தது. வந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, சாமான்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பீரோ ஒன்றுதான் பாடு படுத்தியது. கடைசியாக ஜெயசீலி ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். தரையில் கால் வைத்ததும் மூச்சு வாங்க நின்றாள்.

"பதினோரு வருஷம் லேகோஸ்ல கெடந்தீய. பதிமூணு படி எறக்கி விட்டுட்டீய" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு ஜெனி டீ போட்டாள். ஜெயசீலி முழு டம்ளரையும் குடித்தாள். பிறகு குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு செம்பு மொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த டென்சிலுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மறைக்கத் தெரியாமல் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டார்.

"என்ன," என்றாள் ஜெயசீலி, "மூணுக்கு வந்துட்டாக்கும்?"