கோட்டைக்குப்பத்துக்குப் போன கண்ணாடி இழை

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதக் காலை, ஏழு மணி. பொன்னேரியில் பழவேற்காடு பேருந்தில் ஏறியதுமே நடத்துநரோடு எனக்குச் சண்டை. மடியில் வைத்திருந்த பெட்டிக்கும் அரை டிக்கெட் வாங்க வேண்டுமாம்.

"இது சாமான் இல்லைங்க, கருவி."

"கருவியோ கருவாடோ, எடத்த அடைக்குதில்ல?"

கொடுத்துத் தொலைத்தேன். வழியெல்லாம் மனசு ஆறவில்லை.

பெட்டி நானே வடிவமைத்தது. உள்ளே புற ஊதா விளக்கு, பேட்டரி, முள் ஆடும் மீட்டர். வெளியே நீளமான கண்ணாடி இழை. இழை வழியாக ஒளி தண்ணீருக்குள் போகும். தண்ணீரில் இருப்பது மினுங்கினால் அந்த ஒளி இழை வழியாகவே திரும்பி வரும். எண்ணெய் என்றால் நீலமாக மினுங்கும். வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கக் கனமான ஓர் அமைப்பும் அதைத் திருப்ப ஒரு குமிழும் வைத்திருந்தேன். "அதைக் கழற்றிவிட்டால் பாதி கனம் குறையுமே" என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பிடிவாதம், கேட்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடக் காவலாளியின் அக்கா கோவிந்தம்மா, பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் எறால் விற்பவர். போன தடவை அவர் கொண்டுபோன கூடையை, எண்ணெய் நாற்றம் என்று வியாபாரி பாய் திருப்பிவிட்டார். கடல் பக்கம் மோட்டார் படகுகள் வந்ததிலிருந்தே ஏரியில் எண்ணெய் கலந்துவிட்டது என்ற பேச்சு. ஏரியில் எந்த மீனவர் கூட்டம் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று இங்கே முறை உண்டு. அதைப் பாடு என்கிறார்கள். நான் போன மறுநாள் கோவிந்தம்மாவின் கணவர் தேசப்பனுடைய பாடு. தண்ணீர் கெட்டிருந்தால் வலை கட்டியும் பயனில்லை; இதை விட்டால் முறை மறுபடி வர நாளாகும். அதற்குள் தண்ணீரைப் பார்த்துச் சொல்லத்தான் நான் வந்தது.

பத்து மணிக்குப் படகேறினோம். பெண்கள் ஏறும் வழக்கமில்லையாம். "மேடம் ஏறுது, நானும் ஏறுவேன்" என்று கோவிந்தம்மாவும் ஏறிக்கொண்டார்.

நான் இழையை இறக்கியதும் பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கத்தினார். "இன்னா போட்ற தண்ணில? இன்னிக்கு எங்க பாடு!"

"வலை இல்லண்ணா, கண்ணாடிக் கம்பி. மீனு புடிக்காது" என்றார் தேசப்பன்.

"அப்ப இன்னாத்துக்குப் போட்ற?" என்று அவர் சிரித்துவிட்டார்.

வெயில் புகாதபடி இழையின் நுனிக்குக் குடைத்துணியில் உறை தைத்திருந்தேன். அப்படியும் முள் ஒரே தாவாகக் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றது. கோவிந்தம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"போச்சா மேடம்?"

பெட்டிக்கு மேல் குனிந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், குமிழ் எல்லா நிறங்களையும் சேர்த்துக் காட்டும் இடத்தில் இருந்தது. நீலத்துக்குத் திருப்பினேன். முள் படுத்துக்கொண்டது. சிவப்புக்குத் திருப்பினேன், எகிறியது. அட, பாசி! பாசிதான் சிவப்பாக மினுங்கும். ஏரியில் எண்ணெய் இல்லை.

"அப்ப நாத்தம் எங்கர்ந்து வந்துச்சு?" என்றார் கோவிந்தம்மா.

நியாயமான கேள்வி. குமிழை மறுபடி நீலத்தில் வைத்துக்கொண்டு கண்ட இடத்திலெல்லாம் நுனியை விட்டேன். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விட்டதும் முள் எம்பியது. பின்பக்கம் ராத்திரி விளக்குக்கான மண்ணெண்ணெய் டின். வாயில் அடைத்திருந்த கந்தல் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எறால் வாடாமலிருக்க, கூடையை அந்தத் தண்ணீரில்தான் வைப்பது வழக்கமாம்.

"ஊரே ஏரிய திட்டிக்கினு கீது. உன் டின்னுதான்யா இத்தன வேலையும் பண்ணிகீது!" என்று கோவிந்தம்மா கணவர்மேல் பாய்ந்தார்.

தேசப்பன் தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மாலையே டின் கரையேறியது. இருவரும் மணல் போட்டுப் படகைத் தேய்தேய் என்று தேய்த்தார்கள். நான் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் வலையில் நல்ல எறால். பழவேற்காட்டுக் கடையில் பாய் கூடைக்குள் மூக்கை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார்.

"சேத்து வாசனதாம்மா வருது, எண்ணெய் இல்ல. எறக்கு கூடைய."

கோவிந்தம்மா எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. பெட்டியின் தலையில் ஈரக் கையை ஒருதரம் வைத்து எடுத்தார். "இத்த பத்திரமா இட்னு போ" என்றார், ஓர் ஆளைக் கூட்டிப்போகச் சொல்வதுபோல. வேறு நாளாக இருந்தால் ஈரக்கையோடு பெட்டியைத் தொட்டவரைக் கடித்திருப்பேன். அன்று துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில் அதே நடத்துநர். பெட்டியைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராக நின்றார்.

"ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றேன். "ரெண்டும் முழுசு."