முட்டைக்காரரின் பிடி

முட்டைக்காரர் எங்கள் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தபோது பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. முப்பத்தாறு வருஷம் ஒரு கிடங்கில் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டைகளில் அடுக்கியவர். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "வெந்நீர் வேணுமா?" ஆட்டுவார். "வேண்டாமா?" அதற்கும் ஆட்டுவார்.

"இவரை நம்பி ஓட்டுக்கு நிக்க முடியாது" என்பாள் சமையல்காரி.

தன் வீட்டுக்கு அழைத்துப் போவதா, இங்கேயே விடுவதா என்று மகள் திண்டாடினாள். அப்பாவின் விருப்பம் தெரிந்தால் போதும் என்றாள். அந்த வாரம்தான் மனநல ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு கருவியோடு வந்தாள். திரையில் படம் வரும். கையிலுள்ள ரப்பர் பிடியை அழுத்த அழுத்த எண் ஏறும்.

"வாய் பொய் சொல்லும்மா. பிடிச்சதுக்குத்தான் ஆளுங்க மெனக்கெடுவாங்க" என்றாள்.

எங்கள் சாப்பாட்டுக்கூடத்தின் படம் வந்தது. இடது கையால் ஒரே அமுக்கு, நாற்பது. தொலைக்காட்சிக்கு ஐம்பது. அடுத்து மகள் வீட்டு வாசல். விரல்கள் தளர்ந்தன. எண் மூன்று.

மகள் முகம் சுருங்கியது.

அவரைத் தினமும் பார்த்துக்கொள்ளும் நான் குறுக்கே போனேன். "இவர் கை அப்படிம்மா. குளியலறைக் கம்பியைப் பிடிச்சா பிடுங்கிடுவார். பேத்தி வரைஞ்ச படத்தை நுனிவிரலாலதான் தொடுவார். உடையக்கூடாததை அழுத்தவே மாட்டார்."

"நீங்க பாசத்துல சொல்றீங்க" என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.

"பாசமா? ரெண்டு தடவை என் மேல சூடான பாலைக் கொட்டியிருக்கார். இன்னொரு தடவை போடு."

அவர் காதருகே குனிந்தேன். "ஐயா, பலமா அழுத்தணும். அழுத்தினாத்தான் வீட்டுக்குப் போகலாம்."

தலையாட்டினார். இந்தத் தடவை திரையில் பேத்தியின் முகம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, ரப்பரைத் தொட்டும் தொடாமலும் ஏந்தியிருந்தார். நெற்றியில் வியர்வை. எண் ஒன்று.

"வியர்வைக்கு எண் கிடையாதா?" என்று கேட்டேன். கருவியில் அதற்கு இடமில்லையாம்.

"அப்பாவுக்கு இங்கதான் பிடிச்சிருக்கு போல" என்றாள் மகள். அழுதாள், கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. அவள் வீடு மூன்றாவது மாடி, நாள் முழுக்க வேலை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் கருத்து வேறு என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

கிளம்பும்போது மகள் தன் கையை அவருடைய இடது கைக்குள் வைத்தாள். "நான் போகட்டுமாப்பா? வேண்டாம்னா இறுக்கிப் பிடிங்க."

அவர் விரல்களைக் குவித்து, அவள் கையை ஒரு முட்டையைப் போல வைத்துக்கொண்டார். சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.