டேனியல் அண்ணன் தூக்கிய பை

டேனியல் அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம்... ஹார்ட் அட்டாக்.

எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. கோல்ஃப் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘லெஜண்ட்’, ‘ட்ரூ ஜென்டில்மேன்’ என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதில் பாதிப் பேர் அவரோடு ஒரு ரவுண்டுகூட ஆடியதில்லை.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை... அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு: அண்ணன் மைசூர் மைன்ஸில் வைண்டிங் என்ஜின் டிரைவர். தங்கச் சுரங்கத்துக்குள் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஆட்களை இறக்கி ஏற்றியவர். மைன்ஸ் மூடிய பிறகு ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும் கோல்ஃப். பல வருஷம் நான்தான் அவருக்கு ஜோடி.

டிவியில் கோல்ஃப் பார்க்கிறவர்கள் எங்கள் கோர்ஸைப் பார்த்தால் சிரிப்பார்கள். கல், முள், மேய்கிற ஆடு. நன்றாக அடித்த பந்து கல்லில் பட்டு எங்கேயோ ஓடும். நாசமாக அடித்தது குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் கலந்த மணல்தான். ‘பிரவுன்’ என்போம். பந்தைக் குழிக்குத் தட்டும் முன் ஒரு பலகையை இழுத்து வழியைச் சமம் செய்துகொள்வது இங்கே வழக்கம். ஆடி முடித்தவர் அடுத்து வருகிறவருக்காக இன்னொரு முறை இழுத்துவிட்டுப் போக வேண்டும்.

அண்ணனிடம் இருந்தவை ஏழே ஏழு கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கை தவறி கிளப் பந்தை உரசிவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், “எனக்கு ஒரு அடி ஏத்திக்கோபா” என்பார். அடி குறைந்தவர்தான் ஜெயிக்கிற ஆட்டம் இது.

முழங்கால் வலி வந்த சமயத்தில் ஒருநாள் அவர் கிளப் பையைத் தூக்கக் கை நீட்டினேன்.

“வுடுபா. எங்கப்பன் தொரைங்க பையத் தூக்கினாரு. அத்தோட முடிஞ்சிது. என் பையத் தவிர வேற எதையும் நான் தொட மாட்டேன்... என் பைய எவனும் தொடவும் வேணாம்.”

அன்றைக்கு மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் என்னை ஜெயித்தார். வீடு வரும்வரை அதையே சொல்லி மானத்தை வாங்கினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பெங்களூர் ஆபீஸில் கோல்ஃப் போட்டி வைத்தார்கள். என் ப்ரமோஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் டீமில் ஒரு ஆள் குறைந்தது, அண்ணனைக் கூட்டிப்போனேன். இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ... மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

முதல் ஹோல். பச்சைப் பசேலென்று புல். புல்லில் அவர் ஆடியதே இல்லை. அக்கம்பக்கம் பலகையைத் தேடினார். காணோம் என்றதும் ஷூவாலேயே குழிவரை நெடுக ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

மேனேஜர் முகம் சுருங்கியது. “யாருப்பா இவர்? பந்து போற லைனைத் தொடக் கூடாதுன்னுகூடத் தெரியாதா? சீட்டிங் இல்லையா இது?”

எங்கள் ஊரில் மணல் சார், அது அங்கே வழக்கம்... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சொன்னது இது: “எங்க ஊர்ல பை தூக்குறவர் சார். ஆள் குறையுதேன்னு கூட்டிட்டு வந்தேன்.”

மெதுவாகத்தான் சொன்னேன். அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.

தன் ஏழு கிளப்பையும் ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மீதி பதினேழு ஹோலும் அப்படித்தான். “செவன் அயர்ன் கிளப் எடுக்கவா சார்?” “தொடச்சித் தரேன் சார்.”

நான் தடுக்கவில்லை. தடுத்தால் மேனேஜருக்கு என் பொய் தெரிந்துவிடும்... அதற்குப் பயந்தேன்.

ப்ரமோஷன் வந்தது. இதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஜென்டில்மேன் கேமாம்... த்தூ.

மன்னிப்புக் கேட்க ஒருமுறை கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள், “வாங்க சார், இன்னா... மோட்டார் எதுனா கொண்டாந்தீங்களா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு சர்ச்சுக்கு முன்பே வந்து தனியாக ஆடிவிட்டுப் போய்விடுவார். நான் போகும்போது ஒவ்வொரு பிரவுனும் பலகை இழுத்துச் சுத்தமாக இருக்கும். அடுத்து வரும் ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். மிதிக்கவே கால் கூசும்.

இன்று காலை அடக்கம். பெட்டியைத் தூக்கும்போது தோள் கொடுக்கப் போனேன். அவர் மகன் சாமுவேல் என் கையை மெதுவாக விலக்கினான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவன்.

“வேணாம் சார். வூட்டு ஆளுங்க இருக்கோம்.”

போய் வாங்கண்ணா. என்னோட அந்தப் பையை இறக்கி வெச்சிட்டுப் போங்க.